கேள்விகளால் வளர்ந்த கல்லூரி

மனையியல் பாடத்திட்டத்தைத் திருத்த அமரும்போது பல இடங்களில் முதலில் நேரம் குறைக்கப்படுவது விரிவாக்கப் பணிக்குத்தான். ஆய்வகம், புள்ளியியல், தொழில்பயிற்சி எல்லாவற்றுக்கும் ஒதுக்கியது போக எஞ்சிய மணிநேரமே மக்களைச் சந்திப்பதற்கு என்றாகிவிடுகிறது. இந்த வரிசை தவறானது. நம் துறையின் மூத்த கல்லூரிகளுள் ஒன்றான, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மனிதச் சூழலியல் கல்லூரி வளர்ந்த விதமே இதற்குச் சான்று.

1900இல் அங்கே கல்லூரியும் இல்லை, துறையும் இல்லை. நியூயார்க் மாநில உழவர்களிடம் வேளாண் அறிவைக் கொண்டுசென்றுகொண்டிருந்த லிபர்டி ஹைட் பெய்லி, உழவர் வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வாசிப்புத் திட்டம் வேண்டும் என்று கருதினார். கிராமப் பள்ளிகளை மேற்பார்த்து அனுபவம் பெற்ற மார்த்தா வான் ரென்சலேரை அதற்கு அழைத்தார். வீட்டு வேலையில் வீண் நடையைக் குறைப்பது எப்படி என்பதே முதல் வெளியீட்டின் பொருள். அதனுடன் கேள்வித்தாளும் சென்றது. பெண்கள் விடை எழுதினார்கள். தங்கள் வீட்டுச் சிக்கல்களையும் எழுதினார்கள். உணவு, சுகாதாரம், குழந்தை வளர்ப்பு என்று திட்டம் விரிந்தது. அதை நடத்திய மார்த்தாவே 1909இல்தான் கார்னெலில் இளநிலைப் பட்டம் பெற்றார்.

1907இல் வேளாண் கல்லூரிக்குள் மனையியல் துறை உருவானது. உணவூட்டவியல் அறிந்த ஃப்ளோரா ரோஸ் வந்து சேர்ந்தார். இருவரும் இணைந்து துறையை நடத்தினார்கள். 1911இல் இருவரையும் முழுநிலைப் பேராசிரியர்களாக்கும் பேச்சு எழுந்தபோது, பெண்களுக்கு அப்பதவி தருவதைப் பொதுவாகத் தாம் ஆதரிக்கவில்லை என்றும், மனையியலில் மட்டும் தடை சொல்லவில்லை என்றும் பல்கலைக்கழக ஆசிரியர் குழு முடிவெடுத்தது. அந்த அரைமனது இசைவில் கிடைத்த இடத்தை இருவரும் விரிவாக்கினார்கள். 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் விரிவாக்கப் பணிக்கு அரசு நிதியைக் கொண்டுவந்தது. துறை 1919இல் பள்ளியாகவும், 1925இல் மாநிலச் சட்டத்தின்வழி தனிக் கல்லூரியாகவும் உயர்ந்தது. அந்தக் கல்லூரிக்கு அடித்தளமிட்டது விரிவாக்கப் பணிதான்.

அப்பணி மக்களோடு ஏற்படுத்திய உறவு 1930களின் பொருளாதார நெருக்கடியில் பலன் தந்தது. குறைந்த செலவில் குடும்பம் சத்தாகச் சாப்பிட என்ன வழி என்ற கேள்விக்கு, ஃப்ளோரா ரோஸின் குழு பால்பொடியும் சோளமாவும் கலந்த ‘மில்கோர்னோ’வையும் சிக்கன உணவுப் பட்டியல்களையும் விடையாகத் தந்தது. கல்லூரியின் நெடுநாள் தோழியும் அமெரிக்க அதிபரின் மனைவியுமான எலினோர் ரூஸ்வெல்ட், 1933இல் அப்படியொரு சிக்கன மதிய உணவை வெள்ளை மாளிகையிலேயே பரிமாறச் செய்தார்.

அதே கல்லூரி கேட்கத் தவறிய இடமும் உண்டு. 1919 தொடங்கிப் பல பத்தாண்டுகள், ஆதரவற்றோர் இல்லங்களிலிருந்து கைக்குழந்தைகள் பயிற்சி இல்லங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மாணவிகள் முறைவைத்து வளர்த்தார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ‘டோமெகான்’ என்ற ஒரே குடும்பப் பெயர். எடையும் உறக்கமும் ஒழுங்காகக் குறிக்கப்பட்டன. தாய்போல் பழகிய முகங்கள் மாறிக்கொண்டே இருப்பது அந்தக் குழந்தைக்கு என்ன செய்யும் என்பது கணக்கில் வரவில்லை. தன் தேவையைச் சொல்ல இயலாதவரிடம் துறை இரட்டிப்புக் கவனத்துடன் நடந்துகொள்ள வேண்டும் என்பதை அந்த அனுபவம் நமக்குச் சொல்கிறது.

1969இல் கல்லூரி மனிதச் சூழலியல் கல்லூரியானது. குழந்தையைக் குடும்பம், பள்ளி, தெரு, அரசின் கொள்கை ஆகியவற்றோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும் என்று வாதிட்ட யூரி ப்ரான்ஃபென்பிரென்னர் அங்கே பேராசிரியர். ஏழைக் குழந்தைகளுக்காக 1965இல் தொடங்கிய ‘ஹெட் ஸ்டார்ட்’ திட்டத்தை வடிவமைத்தவர்களுள் அவரும் ஒருவர். சமையலறை நடையில் தொடங்கிய விசாரணை தேசியத் திட்டம்வரை வந்துவிட்டது.

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. கார்னெலில் 1936இல் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பின உணவூட்டவியலாளர் ஃப்ளெமி கிட்ரெல், 1950இல் பரோடா வந்து, ஹன்சா மேத்தா துணைவேந்தராக இருந்த பல்கலைக்கழகத்தில் மனையியல் புலம் உருவாகத் துணைநின்றார்.

நம் துறைகளிடம் இந்த இதழ் வேண்டுவது மூன்று. ஒவ்வொரு துறையும் தன் பகுதி மக்களின் கேள்விகளுக்கு ஒரு பதிவேடு வைக்கட்டும்: அங்கன்வாடிப் பணியாளர், பள்ளிச் சத்துணவு அமைப்பாளர், நீரிழிவுள்ள தந்தைக்குச் சமைக்கும் மகள் எனக் கேட்பவர் யாராக இருந்தாலும் சரி. இறுதியாண்டு ஆய்வுத் தலைப்புகளில் ஒரு பங்கேனும் அந்தப் பதிவேட்டிலிருந்து வரட்டும். ஆய்வு முடிந்ததும் விடை, கேட்டவருக்குப் புரியும் தமிழில் அவர் கைக்கே போய்ச் சேரட்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. கால அட்டவணையில் விரிவாக்கப் பணியை முதல் பருவத்துக்கு நகர்த்தினாலே தொடங்கிவிடலாம். வரும் கல்வியாண்டின் பாடத்திட்டக் குழுக்கள் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.