நாஸ்காவுக்கு வேற்றுக்கிரகவாசி தேவையில்லை

பெரு நாட்டு நாஸ்கா பாலைவனத் தரையில் கோடுகளால் வரைந்த ஒரு குரங்கு, ஒரு சிலந்தி, பிரம்மாண்டமான பறவைகள். ‘ஆகாயத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். விமானம் இல்லாத காலத்தில் மனிதன் எப்படி வரைந்திருப்பான்? வேற்றுக்கிரகவாசிகள் வேலைதான்.’ 1968இல் எரிக் வான் டேனிக்கனின் புத்தகம் பரப்பிய இந்தக் கதை, இன்று திருப்பதியிலும் சித்தூரிலும் கைபேசிக்குக் கைபேசி தாவுகிறது.

‘மேலிருந்துதான் தெரியும்’ என்பதே முதல் தவறு. பெருவின் தொல்லியலாளர் மெஹியா செஸ்பே 1920களில் அந்தக் கோடுகளைக் கவனித்தது மலையடிவாரத்தில் நடக்கும்போது. 2024இல் ஜப்பானின் யமகாட்டா பல்கலைக்கழகத்தார் செயற்கை நுண்ணறிவின் துணையோடு 303 புதிய உருவங்களை அறிவித்தார்கள். பெரும்பாலானவை சிறியவை, சராசரியாகப் பத்து மீட்டருக்குள் அடங்குபவை. பழைய ஒற்றையடிப் பாதைகளை ஒட்டி இருப்பவை. வழிப்போக்கன் கண்ணில் படுவதற்கென்றே வரைந்தவை என்பது அவர்கள் முடிவு. இன்று பயணிகள் குட்டி விமானம் ஏறுவதற்குக் காரணம் வேறு: கால் பட்டால் தரை கெட்டுவிடும் என்பதால் உள்ளே நடக்கத் தடை. 2014இல் கிரீன்பீஸ் சூழலியல் இயக்கத்தினர் பறவை உருவத்தின் பக்கத்தில் நடந்து பதித்த தடங்களுக்கே பெரு அரசு கொதித்தது. பாதுகாப்புக்காக நாம் வைத்த விதியை வரைந்தவன் நோக்கமாக்கினால் எப்படி?

‘மனிதக் கையால் முடியாது’ என்பது அடுத்தது. மேலே கிடக்கும் கருங்கற்களை ஒதுக்கினால் அடியில் வெளிர்மண், தொழில்நுட்பம் அவ்வளவுதான். மழை இல்லாத ஊர், அதனால் நின்றுவிட்டது. 1982இல் ஜோ நிக்கல் என்ற அமெரிக்கர் சில உறவினர்களோடு முளையும் கயிறும் வைத்து, 134 மீட்டர் நீள நாஸ்கா கழுகை ஒரு வயலில் அப்படியே சுண்ணாம்பால் போட்டுக் காட்டினார். மேலிருந்து யாரும் வழி சொல்லவில்லை. வீட்டு அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் நம்மூர் மேஸ்திரிக்கு இதில் வியக்க ஒன்றுமிருக்காது.

வானத்துப் பார்வையையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஜெய்சல்மேர் அருகே போஹாவில் செயற்கைக்கோள் படங்களில் தெரிந்த மாபெரும் சுருள்கோடுகளை 2021இல் தொன்மையான நிலவரைவுகள் என்றார்கள். அவை மரக்கன்று நடத் தோண்டிய சால்கள் என்று பிறகு வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள்.

‘இதையெல்லாம் பார்க்கப் பெருவுக்குத்தான் போகணும்’ என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. திருப்பதியில் ஹரிப்பிரியா எக்ஸ்பிரஸ் ஏறினால் கோலாப்பூர். அங்கிருந்து மலைப்பாதையில் பேருந்து ரத்னகிரிக்கு. பாலைவனம் இல்லை, செம்பூராங்கல் மேட்டுநிலம். அந்த மாவட்டத்துக் காஷேலி என்ற ஊரில் பாறையில் செதுக்கிய யானை சுமார் 18 மீட்டர். அதன் உடலுக்குள்ளேயே வேறு பல உயிரினங்கள். காலடியில் நின்றால் முழு யானை தெரியாதுதான். சுற்றி நடந்தால் தும்பிக்கை, முதுகு, வால் என்று கூடி வரும். செதுக்கியவனும் அப்படித்தான் சுற்றியிருப்பான். ரத்னகிரி அடங்கிய கொங்கணத்தில் இன்று இல்லாத காண்டாமிருகத்தையும் இந்த மேடுகளில் வரைந்திருக்கிறார்கள். 2022இல் கொங்கணப் பாறைச் செதுக்கல்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. சுதீர் ரிஸ்பூட், தனஞ்சய் மராட்டே போன்ற ஆர்வலர்கள் இவற்றைத் தேடியது விமானத்தில் அல்ல, ஊர் ஊராகக் கிராமத்தாரை விசாரித்து.

சித்தூர் மாவட்டத்துப் பெருங்கற்கால ஈமக்கற்களையும் பாண்டவர் கட்டியதென்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் கதை பழைய கட்டுமானத்தை நம் புராண உறவுக்குள்ளாவது வைத்துக்கொள்கிறது. வேற்றுக்கிரகக் கதையோ கல் சுமந்தவனின் உழைப்பை மொத்தமாகப் பிடுங்கிக்கொள்கிறது. கிரேக்கர் கோயிலைப் பார்த்து எழாத சந்தேகம் பெருவின் பூர்வகுடிகள் மீது மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாக எழுகிறது?

கொங்கணம் போகிறவர்கள் மழைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது, புல் மூடிவிடும். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். படம் தெளிவாக விழ வேண்டுமென்று பள்ளங்களில் சுண்ணப்பொடி கொட்டாதீர்கள். சாய்வெயில் நேரத்தில் போனால் நிழலே கோட்டை எடுத்துக் காட்டும்.