பஞ்சாபி இல்லாத பஞ்சாபிச் சிறை

சின்னாளப்பட்டியில் சுங்குடிக்கு முடிச்சுப் போடும் வீடானாலும் சரி, தறி ஓடும் வீடானாலும் சரி, தொண்ணூறுகளில் பையன்கள் இருந்த வீடென்றால் டபிள்யூ டபிள்யூ எஃப் ரெஸ்லிங் கம்பெனியின் கார்டு ஒரு கட்டு இருந்திருக்கும். உயரம், எடை, மார்பளவு, புஜம், மோதிய சண்டை, ஜெயித்த சண்டை என்று ஒவ்வொரு பயில்வானுக்கும் கணக்கு அச்சடித்திருப்பார்கள். ஒரு கணக்கு மட்டும் அதில் கிடையாது: பார்க்க வந்தவர்களைக் கொட்டாவி விட வைத்த சண்டை எத்தனை? அதற்கும் ஒரு கட்டம் போட்டிருந்தால் பெரிய பெரிய தலைகளெல்லாம் நல்ல எண்ணிக்கை காட்டியிருப்பார்கள்.

அண்டர்டேக்கர் ஏழு தடவை செத்துப் பிழைத்தவர் என்று சத்தியம் செய்த தலைமுறை அது. இன்று நாற்பதைத் தொட்டுவிட்டவர்களுக்குச் சண்டை செட்டப் என்பது தெரியாமல் இல்லை. கம்பெனியே ஒப்புக்கொண்ட சங்கதிதான். விளையாட்டுத் துறையின் கட்டுப்பாடும் வரியும் தலையில் விழாமலிருக்க, இது போட்டி அல்ல, கேளிக்கை என்று 1989-லேயே அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில செனட்டில் சொல்லிவிட்டார்கள். ஆகவே, "எல்லாம் பொய்டா" என்று டிவியை அணைத்த அப்பாக்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

பொய் என்பது ஒரு குற்றமா? திண்டுக்கல் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் நாடகத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்களுக்கு, வள்ளி கடைசியில் யாரைக் கட்டிக்கொள்வாள் என்று தெரியாதா என்ன? நாரதரும் வள்ளியும் செய்யும் தர்க்கத்துக்காகத்தான் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தர்க்கம் சொதப்பினால் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ரெஸ்லிங்குக்கும் அதே நியாயம்தான். முடிவை முன்பே பேசி வைத்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆட்கள் அசைய வேண்டும், அசைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சரித்திரப் புகழ் பெற்ற சொதப்பல்கள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றில் கோட்டை விட்டவைதான்.

அசையாமல் சாதனை படைத்தவர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோ. செட்டப் எதுவும் இல்லாத, நிஜக் குஸ்தி என்று பெயர் வாங்கிய சண்டையில்தான் இந்தச் சாதனை. 1910 செப்டம்பர் 10 அன்று லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் மைதானத்தில் நம் காமா பயில்வானுக்கும் போலந்துக்காரரான ஸ்பிஷ்கோவுக்கும் ஜான் புல் பட்டத்துக்கான மோதல். பரிசு 250 பவுன். ஆரம்பித்த சூட்டிலேயே காமா அவரைக் கீழே சாய்த்துவிட்டார். அதற்குப் பிறகு ஸ்பிஷ்கோ எழுந்திருக்கவில்லை. எழ முடியாமல் அல்ல, எழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்ததால். கையையும் முழங்காலையும் விரிப்பில் ஊன்றி, குப்புறக் கவிழ்ந்து, இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் அதே நிலையில் கிடந்தார். காமா இழுக்கிறார், நெம்புகிறார், கழுத்தைப் பிடிக்கிறார். அந்தக் கனத்த உடம்பு நகர்ந்தபாடில்லை. கடைசியில் சமன் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 17-ஆம் தேதி மறுபடி மோத வேண்டும். ஸ்பிஷ்கோ வரவே இல்லை. அவர் செய்ததிலேயே பார்வையாளர்களுக்கு நல்லதாக அமைந்தது அதுதான். பட்டம் காமாவுக்குப் போனது.

இருவரும் மீண்டும் சந்தித்தது 1928 ஜனவரியில், பாட்டியாலாவில். மகாராஜா பூபிந்தர் சிங் ஏற்பாட்டில் பெரும் கூட்டம். பதினேழு வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்த மோதல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது, காமா வென்றார். லண்டனில் சண்டையே நடக்கவில்லை, பாட்டியாலாவில் பார்க்க நேரமில்லை.

படுத்துக்கொண்டே சண்டை போடும் வித்தையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவர் ஜப்பானின் அன்டோனியோ இனோகி. 1976 ஜூன் 26, டோக்கியோ புடோக்கான் அரங்கம். எதிரே நிற்பது முகமது அலி. உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. மணி அடித்ததும் இனோகி ஓடிவந்து தரையில் விழுந்து அலியின் காலை உதைத்தார். 15 ரவுண்டில் பெரும்பகுதியை மல்லாந்து கிடந்தபடி உதைத்தே கழித்தார். படுத்திருப்பவரைக் குத்த முடியாமல் அலி சுற்றிச் சுற்றி வந்து வாயால் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அலி மொத்தம் விட்ட குத்து ஆறுதான் என்று கணக்கு வைத்தவர்கள் சொல்கிறார்கள். அவருக்குப் பேசிய சம்பளம் 60 லட்சம் டாலர். வகுத்துப் பார்த்தால் குத்துக்குப் பத்து லட்சம். முடிவு சமன். காசைத் திருப்பிக் கொடு என்று கூட்டம் கத்தியது, குப்பையை அள்ளி வீசியது. சிரிக்க முடியாத ஒன்றும் இதில் உண்டு. உதை வாங்கிய கால்களில் ரத்தம் கட்டி அலி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்தது. ஆக, அன்றைக்கு நிஜமாக நடந்தது உதை மட்டும்தான். அதே வருடம் டிசம்பரில் இனோகி கராச்சிக்குப் போய், காமாவின் தம்பி மகன் அக்ரம் பயில்வானின் கையை ஒடித்துவிட்டு வந்தார். அவருக்குச் சண்டை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

தொண்ணூறுகளின் பையன்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, மோசமான சண்டைப் பட்டியலில் அடிக்கடி தலைகாட்டுபவர் அவர்களுடைய அண்டர்டேக்கர்தான். 1993 ரெஸில்மேனியாவில் அவர் அர்ஜென்டினாவின் ஜெயன்ட் கொன்சாலஸோடு மோதினார். கூடைப்பந்து ஆடிய கொன்சாலஸை எட்டடி ஆள் என்று விளம்பரப்படுத்தியிருந்தார்கள். மாட்டிவிட்ட உடுப்போ உடம்பை ஒட்டிய உறை. அதன் மேல் கட்டுக்கட்டாகச் சதையை வரைந்து, அங்கங்கே பொய் ரோமத்தை ஒட்டியிருந்தார்கள். எட்டடி ஆளிடம் இல்லாத சதையைப் பெயின்டால் கொண்டுவரலாம் என்று ஒருவருக்குத் தோன்றி, இன்னொருவர் அதற்குத் தலையாட்டியும் இருக்கிறார்! அந்த உடுப்போடு அசைவதே பெரும்பாடு. கடைசியில் மயக்க மருந்தில் நனைத்த துணியை அண்டர்டேக்கரின் மூக்கில் வைத்து அழுத்தி, கொன்சாலஸ் தகுதி இழந்தார். மயக்க மருந்தைப் பார்வையாளர்களுக்கும் கொடுத்திருக்கலாம்.

அடுத்த வருடம் இதையும் விஞ்சினார்கள். 1994 ஆகஸ்ட் 29, சிகாகோ, சம்மர்ஸ்லாம். அண்டர்டேக்கரோடு மோதியவர் அண்டர்டேக்கர். இரட்டை வேடப் படம் பார்த்து வளர்ந்த நமக்கு இது தேனாக இனிக்க வேண்டும். ஆனால் போலியாக வந்த பிரையன் லீ அசலைவிடக் குட்டை. ஒருவருக்கு ஊதா நிறக் கையுறை, மற்றவருக்குச் சாம்பல் நிறம், அடையாளத்துக்கு அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே மாதிரி மெதுவாக நடந்தார்கள், ஒரே மாதிரி முறைத்தார்கள், ஒரே மாதிரி எழுந்து உட்கார்ந்தார்கள். அரங்கமே அமைதி. இத்தனைக்கும் அதே இரவு, அதே கோதாவில் பிரெட் ஹார்ட்டும் தம்பி ஓவனும் கூண்டுக்குள் அரை மணி நேரம் மோதிய சண்டை இன்றும் பாராட்டப்படுகிறது. அதுவும் பேசி வைத்த சண்டைதான்!

பிரையன் லீ அதோடு நிற்கவில்லை. 1996-ல் அக்ஷய் குமார் நடித்த 'கிலாடியோன் கா கிலாடி' இந்திப் படத்தில் அண்டர்டேக்கராக வந்து அடி வாங்கியவர் அவர்தான். அசல் அண்டர்டேக்கரையே அக்ஷய் தூக்கிப் போட்டுவிட்டார் என்று நாடே நம்பிக்கொண்டிருந்தது. அது பிரையன் லீ என்று 2021-ல் அக்ஷயே சிரித்துக்கொண்டு சொன்னார்.

இனி மூங்கிலுக்கு வரலாம். 2006 ஏப்ரலில் நம் கிரேட் காளி, அதாவது தலீப் சிங் ராணா, அண்டர்டேக்கரை அடித்து வீழ்த்திக்கொண்டு டபிள்யூ டபிள்யூ இ-க்குள் (பழைய டபிள்யூ டபிள்யூ எஃப்தான்) நுழைந்தார். இந்தியர் வந்துவிட்டால் இந்தியச் சண்டை ஒன்று வேண்டுமே! பிறந்தது பஞ்சாபிச் சிறை. கோதாவைச் சுற்றி மூங்கிலால் இரண்டு கூண்டுகள். உள்கூண்டு 16 அடி, அதில் நான்கு கதவுகள். ஒவ்வொரு கதவும் 60 நொடிதான் திறந்திருக்கும், அடைத்தால் அதோடு சரி. வெளிக்கூண்டு 20 அடி, எட்டுப் பக்கம், கதவே கிடையாது, ஏறித்தான் தப்பிக்க வேண்டும். பஞ்சாபில் இப்படி ஒரு சிறை எங்கே இருக்கிறது என்று எந்த பஞ்சாபிக்கும் தெரியாது.

முதல் சண்டை 2006 ஜூலை 23 அன்று இண்டியானாபோலிஸில். ரத்தப் பரிசோதனையில் ஈரல் சரியில்லை என்று தெரிந்ததால் காளியை இறக்கவில்லை. அவருக்குப் பதில் பிக் ஷோ. டெக்சாஸ்காரரான அண்டர்டேக்கரும் சவுத் கரோலினாக்காரரான பிக் ஷோவும் பஞ்சாபிச் சிறைக்குள் உருண்டார்கள். உருண்டதாகச் சொல்கிறார்கள். காசு கொடுத்து வந்தவர்களுக்குத் தெரிந்தது இரண்டு வரிசை மூங்கில், மூங்கில், மேலும் மூங்கில். 2007-ல் இரண்டாவது முறை காளியே பாட்டிஸ்டாவோடு மோதினார். காளி பிறந்தது இமாசலப் பிரதேசத்தின் சிர்மூர் மாவட்டம், பஞ்சாபில் போலீஸ் வேலை பார்த்தவர். 2017-ல் மூன்றாவது முறை வந்த ஜிந்தர் மஹால் கனடாவின் கால்கரிக்காரர். மூன்று முறை கட்டிய பஞ்சாபிச் சிறைக்குள் பஞ்சாப் மண்ணில் பிறந்த பயில்வான் ஒருவர்கூடப் போட்டியிடவில்லை.

காளியைக் கிண்டல் செய்வது சுலபம். நடந்தால் முட்டி மடங்காது, கையைத் தூக்கித் தலையில் ஒரு போடு போட்டால் எதிராளி விழ வேண்டும், ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் வித்தை தெரிந்த மனிதர். 2016 பிப்ரவரியில் உத்தராகண்டின் ஹல்த்வானியில் அவரே நடத்திய நிகழ்ச்சியில் வெளிநாட்டுப் பயில்வான்கள் நாற்காலியால் அடித்துத் தலையில் தையல் போடும்படி ஆனது. தீவிர சிகிச்சை, நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. சில நாள் கழித்து டேராடூனில் கட்டோடு கோதாவில் இறங்கி அதே கும்பலை வீழ்த்தினார். குஸ்தியாகப் பார்த்தால் சுமார்தான். ஆனால் கூட்டம் எழுந்து நின்று கத்தியது, எல்லாம் கண்ணுக்கு நேரே நடந்தது.

அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் ஸ்பிஷ்கோவையும் மன்னிக்கலாம், இனோகியையும் மன்னிக்கலாம். அசையாவிட்டாலும் ஆள் தெரிந்தார்கள். முதல் பரிசு 2006-ன் பஞ்சாபிச் சிறைக்குத்தான். டெல்லிக்கும் ஹைதராபாத்துக்கும் வந்துபோன டபிள்யூ டபிள்யூ இ-காரர்கள் மீண்டும் இந்தியாவின் பெயரைச் சொல்லிக் கூண்டு கட்ட நினைத்தால், தயவுசெய்து மூங்கிலை இடைவெளி விட்டுக் கட்டுங்கள். டிக்கெட் வாங்கியவன் உள்ளே யார் யாரை அடிக்கிறார்கள் என்றாவது பார்த்துவிட்டுப் போகட்டும்.