விழுந்த வண்டியும் நின்ற வீதியும்

இராயபுரம் பக்கத்திலிருந்து கடலோரமாக எண்ணூருக்குப் போகும் பாதைக்கு விரைவுச் சாலை என்று பெயர். பெயர் வைத்தவர் நல்ல மனசுக்காரராக இருந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் நெருக்கமான குடியிருப்புகள். நடுவே துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கிக் கன்டெய்னர் லாரிகள், கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல, ஒன்றன் பின் ஒன்றாக நின்றுகொண்டிருப்பதைப் பல வருஷங்களாகப் பார்த்து வருகிறோம். இந்தப் பாரத்தைக் குறைக்கும் என்று நாம் நம்பியிருக்கும் துறைமுகம் – மதுரவாயல் மேம்பாலச் சாலைக்கு 2009-ல் ஒரு முறையும் 2022-ல் மறு முறையும் அடிக்கல் நாட்டியாயிற்று. ஒரே சாலைக்கு இரண்டு அடிக்கல் வாய்ப்பது அபூர்வமான பாக்கியந்தான்!

அது கிடக்கட்டும். இன்றுள்ள சாலையில் ஒரு லாரி கவிழ்ந்தால் என்ன நடக்கிறது? முதலில் கூட்டம் கூடுகிறது. எதிர்த்திசையில் தடையின்றிப் போகக் கூடியவர்களும் வேகத்தைக் குறைத்துக் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். ஆகவே அந்தப் பக்கமும் நின்றுபோகிறது. பிறகு கிரேனுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். சரக்கேற்றிய கன்டெய்னர் ஒன்று இருபது டன்னுக்கு மேலும் கனக்கும். தெருவில் கார்களைக் கொக்கி போட்டு இழுத்துச் செல்லும் வண்டியால் அதை அசைக்கக் கூட முடியாது. பெரிய கிரேன்தான் வரவேண்டும். அந்தக் கிரேனோ, எந்த நெரிசலைத் தீர்க்கப் புறப்பட்டதோ அதே நெரிசலின் வாலில் வந்து நின்று ஹாரன் அடிக்கிறது.

பள்ளிக்குப் பிள்ளைகள் தாமதமாக வருவதும், ஆலைத் தொழிலாளிக்கு அரை நாள் கூலி போவதும் இதனால் நேரும் சிறிய நஷ்டங்கள். பெரிய நஷ்டம் வேறு. நம் மாகாணத்தில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைச் சர்க்கார் செலவில் அளிக்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. எல்லாம் மெச்சத்தக்க ஏற்பாடுகள். ஆனால் எண்ணூரில் அடிபட்டவர் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால்தானே அவருக்குப் பலன்?

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். 2023 டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாக ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடி வந்தார்கள். அப்படி ஓர் இரவில் சாலையின் குறுக்கே ஒரு கன்டெய்னர் விழுந்து கிடந்தால் அவர்கள் எந்தப் பக்கம் போவார்கள்?

“போலீஸ் வந்து அளந்து எழுதும் வரையில் வண்டியைத் தொடக் கூடாது” என்பது நம்மவர்களிடையே வேதவாக்காக நிலவுகிறது. அளக்கத்தான் வேண்டும். உயிர்ச்சேதம் நேர்ந்த இடத்தில் சாட்சியத்தை அழித்துவிட்டால் நியாயம் கிடைக்காது. ஆனால் படம் எடுக்கவும், சுண்ணக்கட்டியால் சக்கரம் நின்ற இடத்தைக் குறிக்கவும் எத்தனை நேரம் வேண்டும்? ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் படக்கருவி இருக்கும் காலம் இது. போக்குவரத்துக்கு அபாயமாகக் கிடக்கும் வண்டியை உடனே அப்புறப்படுத்த உத்தரவிடும் அதிகாரத்தை 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவு போலீஸாருக்குத் தெளிவாகவே கொடுக்கிறது. இழுத்துச் செல்லும் செலவு வண்டிச் சொந்தக்காரரைச் சேர்ந்தது என்றும் அதே பிரிவு சொல்லிவிடுகிறது. ஆகையால் ‘கிரேனுக்குப் பணம் யார் தருவது’ என்று நடுவீதியில் வழக்காடவும் அவசியம் இல்லை.

இங்கிலாந்தில் 2004-ல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். நெடுஞ்சாலைகளில் வண்டிகளை நிறுத்தவும் திருப்பிவிடவும் அதிகாரம் பெற்ற தனி உத்தியோகஸ்தர்களை நியமித்தார்கள். குற்றம் யாருடையது என்று விசாரிப்பது போலீஸின் வேலை. பாதையைத் திறப்பது இவர்கள் வேலை. நமக்கோ எல்லாம் ஒரே ஏட்டையாவின் தலையில்! காசிமேட்டுப் பக்கம் ஒன்றும் எர்ணாவூர்ப் பக்கம் ஒன்றுமாக இரண்டு பெரிய கிரேன்களை எப்போதும் தயாராக நிறுத்தி, உத்தரவிடும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தால், எந்தத் திசையில் நெரிசல் இருந்தாலும் மறு திசையிலிருந்து ஒன்று வந்து சேரும். கருவி முன்கூட்டியே கையில் இல்லாவிட்டால் எப்படி ஆகும் என்பதை இந்தக் கரையே பார்த்திருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, எர்ணாவூரில் இளைஞர்கள் அந்தக் கசண்டை வாளியால்தான் அள்ளினார்கள்.

சீக்கிரம் வேண்டும் என்று சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் செய்ய வேண்டும். மணலியிலிருந்து வருகிற டாங்கர் லாரி கவிழ்ந்தால் அவசரம் கூடாது. 2012 ஆகஸ்டில் கண்ணூரை அடுத்த சாலாவில் சமையல் வாயு லாரி ஒன்று கவிழ்ந்து, வாயு பரவித் தீப்பிடித்ததில் இருபது பேர் மாண்டனர். 2017 ஜூனில் பாகிஸ்தானத்து பஹாவல்பூர் அருகே கவிழ்ந்த லாரியிலிருந்து பெட்ரோலைக் குடத்தில் பிடிக்கப் போன இருநூறு பேருக்கு மேல் எரிந்து போனார்கள். இத்தகைய வண்டிகளில் சாய்சதுர வடிவில் ஓர் அடையாளமும், பக்கத்தில் நாலு இலக்க எண்ணும் எழுதியிருக்கும். 1203 என்றால் பெட்ரோல், 1075 சமையல் வாயு, 1005 அம்மோனியா. தூர நின்று அந்த எண்ணைப் படித்துத் தீயணைப்புப் படைக்குச் சொல்லுகிறவர், கிட்டப் போய் வேடிக்கை பார்க்கும் நூறு பேரை விட மேலான உபகாரி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக விலகி நிற்பது அடுத்த காரியம்.

கவிழாமல் வெறுமனே பழுதாகி நிற்கும் லாரிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிவப்பு முக்கோணப் பலகை வைக்க வேண்டிய இடத்தில், டிரைவர்கள் வேப்பந்தழையும் பாறாங்கல்லும் வைக்கிறார்கள். பகலில் அது போதும் என்றே வைத்துக்கொள்வோம். வண்டியைச் சரிசெய்துகொண்டு இரவில் புறப்படும்போது தழை காற்றில் பறந்துவிடுகிறது. கல் அங்கேயே கிடக்கிறது. விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்துக்கு மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் விரைகிறவனுக்கு அந்தக் கல் அங்கே இருப்பது எப்படித் தெரியும்? கல்லை வைத்த கிளீனர் பையன் லாரியில் ஏறுவதற்கு முன் அதை ஓரத்துக்கு உருட்டிவிட அரை நிமிஷம் ஆகும்.