முறுக்கு சுற்றும் கையும் கணக்கு வாத்தியாரும்

ஆட்டையாம்பட்டி என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் சேலம் பக்கத்து ஆட்கள் அடுத்துக் கேட்பது, "முறுக்கு வாங்கிட்டு வரலையா?" என்பதுதான். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு 'முறுக்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோபமெல்லாம் இல்லை. இந்தக் கட்டுரையும் முறுக்கில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் சொல்ல வந்தது ஆசிரியர்களைப் பற்றி.

எங்கள் தெருவில் ஒரு அக்கா கைமுறுக்கு சுற்றுவார். விரல்களுக்கு நடுவே மாவை முறுக்கிக்கொண்டே உள்ளிருந்து வெளியே வட்டம் வட்டமாகப் போவார். மூன்று சுற்று, ஐந்து சுற்று, ஏழு சுற்று. போன விடுமுறையில் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அட, இது பத்தாம் வகுப்பில் நான் மனப்பாடம் செய்த கூட்டுத் தொடர்வரிசை ஆயிற்றே!

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாவுத் திரி ஒரு செ.மீ. தடிமன் என்றால், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிடச் சுமார் 6.3 செ.மீ. நீளம் கூடும். உள்சுற்று 6.3 என்று வைத்துக்கொண்டால் அடுத்தது 12.6, அதற்கடுத்து 18.8. மொத்தமாகக் கூட்டினால் மூன்று சுற்று முறுக்குக்குச் சுமார் 38 செ.மீ. திரி, ஐந்து சுற்றுக்கு 94, ஏழு சுற்றுக்கு 176. மூன்றிலிருந்து ஐந்துக்குப் போனால் கூடியது இரண்டே சுற்று, மாவு மட்டும் இரண்டரை மடங்கு.

பள்ளியில் எங்களுக்கு இதை நடத்தியபோது சொன்ன உதாரணம் சினிமா தியேட்டர். முதல் வரிசையில் 20 நாற்காலி, இரண்டாவதில் 22, மூன்றாவதில் 24. என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தறி ஓடியது, சில வீடுகளில் முறுக்குச் சட்டி காய்ந்தது. அப்படி நாற்காலி போட்ட தியேட்டரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

உதாரணம் பொருந்தவில்லை என்பதோடு போயிருந்தால் இதை எழுதவே மாட்டேன். வீடு வகுப்பறைக்குள் வராமலும் இல்லை, வந்தது. எப்படி வந்தது என்பதுதான் வருத்தம்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் இரவு பதினோரு மணிவரை தார் சுற்றிவிட்டு வருவான். முதல் பாடவேளையில் கண் சொருகும். ஒருநாள் ஆசிரியர் அவனை எழுப்பி நிறுத்தி, "நீயெல்லாம் எதுக்குடா படிக்கிற, தறிக்குத்தான போகப்போற" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், என் தாத்தாவும் தறி நெய்தவர்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவன் பதினொன்றாம் வகுப்புக்கு வரவில்லை. அந்த ஒரு வார்த்தையால்தான் நின்றான் என்று சொல்ல மாட்டேன், வீட்டில் கடனும் இருந்தது.

அவனுக்கு நூலைத் தொட்டாலே 40ஆம் நம்பரா 80ஆம் நம்பரா என்று தெரியும். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை நிற்குமோ, அதுதான் பருத்தி நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இதைவிட நல்ல எதிர்விகித உதாரணம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? எதிர்விகிதக் கணக்கில் அவன் வாங்கிய மதிப்பெண் பூஜ்யம்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. பிரேசிலில் ரெசிஃபே என்ற நகரத்தில் தெருவில் இளநீர், காய்கறி விற்ற ஐந்து சிறுவர்களை வைத்து 1985இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய் விலை கேட்டபோது 98 சதவீதம் சரியான விடை. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான். அதில் 12 வயதுப் பையன் ஒருவன். ஒரு காய் 35 க்ருசேரோ என்றால் பத்து என்ன விலை என்று கேட்டதற்கு, மூன்று மூன்றாகக் கூட்டி 350 என்று சரியாகச் சொன்னான். தாளில் 35ஐ 4ஆல் பெருக்கச் சொன்னால் 200 என்று எழுதினான். நாலஞ்சு இருபது, மீதி இரண்டை மூன்றோடு கூட்டி ஐந்து, ஐந்நாலு இருபது! பள்ளி கற்றுக்கொடுத்த வழியை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த வழியை வெளியே விட்டுவிட்டான். 2025இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடமும் இதையே கண்டது. கூடவே இன்னொன்றையும் கண்டது: பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் தாள் கணக்கை ஓரளவு போட்டார்கள், சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஆக நட்டம் இரண்டு பக்கமும்.

சரி, ஆசிரியர் என்ன செய்யலாம்? அமெரிக்காவின் டூசான் நகரத்தில் லூயிஸ் மோல் என்ற கல்வியாளரும் சிலரும் செய்து பார்த்து 1992இல் எழுதியது எனக்குப் பிடித்தது. மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் வீடுகளுக்கு ஆசிரியர்களை அனுப்பினார்கள். பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்ல அல்ல, அந்த வீட்டுக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டுக்கொள்ள. விவசாயம், சுரங்கம், பழுது பார்ப்பது, மூலிகை என்று பட்டியல் நீண்டதாம். ஒரு மாணவன் மெக்சிகோ மிட்டாய் விற்கிறான் என்று தெரிந்ததும், ஓர் ஆசிரியை மிட்டாயையே பாடமாக்கிவிட்டார். ஒரு தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்துகாட்டினார். அன்று அந்த வகுப்பில் ஆசிரியை அவர்தான். இதைப் படித்தபோது எங்கள் தெரு அக்காவை நினைத்துக்கொண்டேன். அவர் பள்ளிக்கூடத்துக்குப் போவது கையெழுத்துப் போடக் கூப்பிடும்போது மட்டும்.

இந்த இடத்தில் சிலருக்கு ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும். "இதைத்தானய்யா குலக்கல்வி என்று விரட்டினோம்?" 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டப்படி கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு மூன்று மணி நேரம்தான். மீதி நேரம் அப்பன் தொழில். பெரியாரும் தி.மு.க.வும் கடுமையாக எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்ததும் திட்டத்தைக் கைவிட்டார். ராஜாஜி நம் பக்கத்து மனிதர்தான். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், 1925இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். நெசவாளர் மீது அக்கறை இல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தத் திட்டம் தவறு. என் தாத்தா அப்போது ஒன்றாம் வகுப்பு. பாதி நாளைத் தறிக்குக் கொடுத்துவிட்டால் அவருக்கு என்ன மிச்சமாகியிருக்கும் என்று யோசித்தால் பயமாக இருக்கிறது. சந்தேகம் இன்னும் தீரவும் இல்லை. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை அதே காரணத்துக்காக 2024 நவம்பரில் தமிழக அரசு மறுத்தது.

ஆகவே நான் கேட்பது பாதி நாள் தறி அல்ல. முழு நாளும் பள்ளிக்கூடம்தான், தறியிலிருந்து தெரிந்துகொண்டதும் அங்கே வரட்டும் என்கிறேன். ஜக்கார்டு தறியின் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டை இருந்தால் ஒரு வேலை, இல்லாவிட்டால் வேறு வேலை. 1800களின் தொடக்கத்தில் பிரான்சில் ஜக்கார்டு செய்த இந்த ஏற்பாட்டிலிருந்துதான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டையை எடுத்தார். கணினிப் பாடத்தில் பூஜ்யம், ஒன்று என்று ஆரம்பிக்கும்போது, இளம்பிள்ளை பக்கம் சேலைத் தறி வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அது பாதி தெரிந்த விஷயம். அங்கிருந்து அவள் மென்பொருளுக்குப் போகட்டும், விண்வெளிக்குப் போகட்டும், அவள் இஷ்டம்.

இன்னொன்று முக்கியம். "உங்கப்பா என்ன வேலை, எந்திரிச்சுச் சொல்லு" என்று வகுப்பில் கேட்பது பண்பாட்டை மதிப்பது ஆகாது. நம் ஊரில் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது என்ன என்று பிள்ளைகளுக்கும் தெரியும். முறுக்குக் கணக்கு முறுக்கு வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. வங்கி அதிகாரி மகனும் அதைப் போட வேண்டும், தெரியாவிட்டால் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்க வேண்டும். இன்னொரு பக்கம் பள்ளிகளில் 'பண்பாடு' என்றால் பொங்கலுக்கு முந்தைய நாள் வேட்டி கட்டி உறி அடிப்பது என்று ஆகிவிட்டது. நன்றாகத்தான் இருக்கும், நானும் அடித்திருக்கிறேன். மறுநாளிலிருந்து பழைய குருடி கதைதான்.

ஆசிரியர்கள் மீது மட்டும் பழி போடவும் மனமில்லை. பலர் சேலத்திலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். பாடத்தை முடிக்க வேண்டும், தேர்ச்சி காட்ட வேண்டும், மாலை பஸ்ஸை விட்டால் அடுத்ததில் நிற்கக்கூட இடமிருக்காது. தெருவுக்குள் வந்து பார்க்க நேரம் எங்கே? 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் அந்தந்தத் தெருப் பெண்களே தன்னார்வலராக வந்ததில் எனக்குப் பிடித்தது இதுதான். எந்தப் பிள்ளை ஏன் தூங்குகிறான் என்று அவர்கள் விசாரிக்க வேண்டியதே இல்லை.

கணக்கை ஒரு தாளில் போட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன், 38, 94, 176 என்று. எட்டிப் பார்த்துவிட்டு, "இது தெரியாமயா தம்பி அஞ்சு சுத்துக்கு அந்த வெல வெச்சிருக்கறேன்?" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, ஒன்பதாவது படிக்கும் மகளைக் கூப்பிட்டார்.