மூளிக்கு வந்த கூட்டம்

2020 ஏப்ரல் 12. ஊரடங்கு தொடங்கி மூன்று வாரம்கூட நிறையவில்லை. அலங்காநல்லூரை அடுத்த முடுவார்பட்டியில் செல்லாயி அம்மன் கோயிலின் ஜல்லிக்கட்டுக் காளை மூளி இறந்தது. பெற்ற தாயின் இறுதிச்சடங்கிற்கே இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்றிருந்த நாளில், அந்தக் காளைக்கு மாலையிட ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். படங்கள் பரவின. காவல்துறை வழக்குப் பதிந்தது. கூடவே, 'ஒரு மாட்டுக்காகவா?' என்ற ஏளனமும் மூடநம்பிக்கை என்ற தீர்ப்பும் வந்தன.

வழக்கில் பிழையில்லை. தொற்றுக்குத் துக்கவீடும் ஒன்றுதான், சந்தையும் ஒன்றுதான். ஆனால் ஏளனம் செய்தவர்கள் அந்தக் கூட்டத்தைப் பக்தர்கள் என்று மட்டுமே கண்டார்கள். அதில் பெரும்பகுதியினர் ரசிகர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

2022 மார்ச்சில் ஷேன் வார்ன் மறைந்தபோது, மெல்பர்ன் மைதானத்து வாசலில் அவர் சிலையின் காலடியில் மக்கள் பூக்களோடு பீரையும் சிகரெட்டையும் வைத்துவிட்டுப் போனார்கள். நம் ஊர்ப் படையலுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. ஓய்வு பெற்று ஆண்டுகள் பல கழிந்த பந்துவீச்சாளருக்காக நடுவயதினர் அழுததை யாரும் மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை. சுழன்று திரும்பிய பந்தை நினைத்து அழலாம். வாடிவாசலில் சுழன்று திரும்பிய காளையை நினைத்து அழக்கூடாதா?

மதுரை வட்டாரத்தில் காளையின் ஆட்டத்தைப் பேசுகிறவர்களைக் கேட்டவர்களுக்கு இது புரியும். வாடியைத் தாண்டியதும் ஒரே ஓட்டமாக ஓடிவிடும் மாட்டுக்கு அங்கே மதிப்புக் குறைவு. நின்று விளையாட வேண்டும். திமிலை நோக்கி வரும் கையை முன்கூட்டியே அறிந்து உடலை முறுக்க வேண்டும். பிடிபடாத கோயில் காளை என்பது வேறு கதை. அதை முதலில் அவிழ்ப்பது மரியாதைக்காக, அதன்மேல் யாரும் கைவைப்பதில்லை. மற்ற காளைகளின் ஆட்டமோ ஆண்டுக்கணக்கில் வாயிலிருந்து வாய்க்குப் போகிறது. எந்த ஆண்டு, எந்த ஊர், யாரைத் தூக்கிப் போட்டது என்று எல்லாம் சொல்வார்கள். தூக்கிப் போடப்பட்டவரே பெருமையோடு சொல்வதும் உண்டு!

என் மனக்குறை வேறு. 2023 ஜனவரி 16 அன்று பாலமேட்டில், ஒன்பது மாடுகளை அணைந்திருந்த இளைஞர் ஒருவர் மாடு முட்டி இறந்தார். அவர் பெயரைச் சொல்லச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? பழைய நாளிதழைப் புரட்டித்தான் நானும் தெரிந்துகொண்டேன். காளைக்குப் பெயர் உண்டு, மாலை உண்டு, சமாதி உண்டு. அணைந்தவனுக்கு நிவாரணத் தொகையும் ஒரு பத்திச் செய்தியும். மறு ஆண்டு அதே வாடியில் வேறு சட்டை, வேறு எண். ரசிகர்களின் நினைவாற்றலை நான் போற்றுகிறேன். அது ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. மூளிக்கு வந்த கூட்டத்தில் கால்வாசி அந்த இளைஞரின் நினைவு நாளுக்கு வருமா?

2024 ஜனவரியில் அலங்காநல்லூருக்கு அருகே கீழக்கரையில் ஏறுதழுவுதலுக்கென்றே பெரிய அரங்கம் ஒன்றைத் திறந்தார்கள். அதில் ஒரு சுவரையாவது ஒதுக்கி, களத்தில் மாண்ட மாடுபிடி வீரர்களின் பெயர்களை ஊரோடும் ஆண்டோடும் எழுதட்டும். பக்கத்திலேயே மூளியின் பெயரையும் எழுதலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.