வீடும் ஒரு பள்ளிக்கூடமே

"வீடே முதற்பள்ளி, அன்னையே முதல் ஆசிரியை" என்று விழா மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறோம். கைதட்டியும் இருக்கிறோம். ஆனால் விழா முடிந்து வீடு திரும்பியதும் நடப்பது என்ன? "வீட்டுப்பாடம் முடிந்ததா? நாளைக்கு டெஸ்ட் இல்லையா? டியூஷனுக்கு நேரமாகவில்லையா?" இந்த மூன்று கேள்விகளோடு வீட்டின் கடமை முடிந்துவிடுகிறது. கண்காட்சிக்கு வீட்டில் செய்துவரச் சொன்ன எரிமலையைக்கூடக் கடையில் காசு கொடுத்து வாங்கி வருகிறோம். அப்படியானால், வீடு கற்பிக்கும் இடம் என்பதை நாம் உண்மையாக நம்புகிறோமா? இல்லை என்பதே என் கருத்து. நம்பவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் இன்று பல நாடுகளில் உள்ளன. இது நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்தலாம். அதற்கு முன், நூறாண்டுகளுக்கு முன்பு இதைச் செய்து பார்த்த ஒரு தாயின் வரலாற்றைத் தோழியர் அறிவது நலம். அந்தத் தாய் வேறு யாருமல்லர். நம் அறிவியல் பாடநூலில் நாம் காணும் மேரி கியூரி அம்மையார்தாம்.

1906 ஏப்ரல் 19 அன்று பாரிஸ் தெருவில் குதிரை வண்டியில் சிக்கி அவருடைய கணவர் பியர் கியூரி இறந்தார். மூத்த மகள் ஐரீனுக்கு அப்போது எட்டு வயது. இளையவள் ஈவுக்கு ஒரு வயது. துயரத்தை அடக்கிக்கொண்டு, கணவர் நடத்திவந்த வகுப்புகளைச் சோர்போன் பல்கலைக்கழகத்தில் அம்மையாரே ஏற்றார். அங்கே பாடம் நடத்திய முதல் பெண்மணி அவரே. இத்தனை சுமைக்கு நடுவிலும் ஒரு கவலை அவரை விடவில்லை. வளரும் குழந்தைகள் காற்றோட்டமில்லாத வகுப்பறையில் நெடுநேரம் அடைபட்டுக் கிடக்கிறார்களே என்பதுதான் அது.

பிரான்சில் 1882 ஆம் ஆண்டுச் சட்டம் கல்வியைக் கட்டாயமாக்கியது. ஆனால் அதனை வீட்டிலேயே அளிக்கவும் இடம் தந்தது. எனவே அம்மையாரும் அவருடைய நண்பர்களான பேராசிரியர்களும் கூடிப் பேசினர். ஏறத்தாழ பத்துப் பிள்ளைகள், ஆணும் பெண்ணும் சமமாக ஒரே பாடம், நாளுக்கு ஒரே ஒரு வகுப்பு, பெற்றோரே ஆசிரியர்கள். இதற்குக் "கூட்டுறவு" என்றே பெயர். ஒருநாள் ஜான் பெரனின் ஆய்வுக்கூடத்தில் வேதியியல்; மற்றொருநாள் பால் லாங்கெவின் வீட்டில் கணிதம். தாய்மார்கள் இலக்கியமும் வரலாறும் சொல்லித்தந்தனர். சிற்பி ஒருவர் களிமண்ணில் உருவங்கள் செய்யக் கற்பித்தார். வியாழன் பிற்பகல் கியூரி அம்மையாரின் இயற்பியல் வகுப்பு.

அந்த வகுப்பு எப்படி நடந்தது? சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் சிறு இரும்புக் குண்டை மையில் தோய்த்துச் சாய்வான பலகைமேல் உருட்டிவிடுவார்கள். குண்டு ஓடிய வழியில் மைக்கோடு வளைந்து விழும். பொருள்கள் கீழே விழும் விதியைப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள். தாங்களே ஒரு வெப்பமானி செய்தார்கள். கடையில் விற்கும் வெப்பமானி காட்டிய அளவையே அதுவும் காட்டியபோது அவர்களுக்கு உண்டான பெருமையைக் கேட்கவும் வேண்டுமா! கடையில் வாங்கிய எரிமலை நமக்கு அந்தப் பெருமையைத் தந்ததுண்டா?

மேசையை அழுக்காக்கிவிட்டு, "பிறகு துடைத்துவிடுகிறேன்" என்று சொன்னால் அம்மையார் ஒப்பமாட்டார்; சோதனை செய்யும்போதே மேசை தூய்மையாக இருக்கவேண்டும். கணக்கில் தவறு வராமலிருக்க அவர் சொன்ன வழி, அவசரப்படாமல் செய்வது. நம் பள்ளியின் சகோதரியர் நமக்குச் சொல்லும் அதே அறிவுரைகள்!

வகுப்பு முடிந்ததும் புத்தகமே கதி என்று அவர்கள் கிடக்கவில்லை. எந்தப் பருவமானாலும் வெளியே நடைப்பயணம். கோடையில் சைக்கிளில் நெடுந்தூர உலா. சோ என்னும் ஊரில் அவர்கள் குடியிருந்த வீட்டுத் தோட்டத்தில் ஊஞ்சல் கட்டையும் வளையங்களும் ஏறுவதற்கு ஒரு கயிறும் தொங்கின. தோட்டவேலை, சமையல், தையல் எல்லாமே கல்வியில் சேர்த்தி. செடிகொடிகளைப் பற்றி ஐரீனுக்குச் சொல்லித்தந்தவர் மருத்துவரான அவளுடைய தாத்தா. தாயும் மகளும் வெவ்வேறு ஊரில் இருந்தால், தாயின் கடிதத்தில் கணக்குகள் வரும். மகளின் கடிதத்தில் விடைகள் போகும்.

இதைப் படித்ததும், "அப்படியானால் நாளை முதல் பள்ளிக்கு விடை கொடுத்துவிடலாம்" என்று சில தோழியர் துள்ளக்கூடும். அவசரப்படவேண்டாம்! அந்தக் கூட்டுறவு நீடித்தது இரண்டே ஆண்டுகள். பெற்றோருக்கு வேலைப் பளு தாங்கவில்லை; பிள்ளைகள் அரசுத் தேர்வுக்கு உரிய பாடங்களையும் படித்தாகவேண்டும். ஆகவே ஐரீனை, பாடவேளைகள் குறைவாக இருந்த ஒரு பள்ளியில் அம்மையார் சேர்த்தார். பள்ளியை அவர் வெறுத்தவரும் அல்லர். அவர் பிறந்த வார்சாவில் அந்நாளில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. மறைவாக நடந்த வகுப்புகளில் படித்து, பணம் சேர்த்து, 1891 இல் பாரிசுக்கு வந்து கற்றவர் அவர். பூட்டிய கதவின் முன் நின்ற வேதனை அவருக்குத் தெரியும்.

நம் நாட்டுப் பெண்களாகிய நமக்கும் அது தெரியவேண்டும். "பெண்பிள்ளைதானே, வீட்டில் இருந்தே படிக்கட்டும்" என்று சொல்லப்படும் பல வீடுகளில் படிப்பு ஒரு மாதத்தில் நின்றுவிடும். பாத்திரமும் துணியும் தம்பி தங்கையும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பள்ளி வாசல் பலருக்கு வெறும் வாசல் அன்று, வாழ்வின் வழி. ஆகவே பள்ளிக்குப் பதிலாக வீடு என்று நான் வாதாடவில்லை. பள்ளி இருக்கிறது என்பதற்காக வீடு தன் கடமையைக் கைகழுவக் கூடாது என்றே சொல்கிறேன்.

"அவர்கள் எல்லாம் மேதைகள், நாங்கள் எங்கே போவோம்?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஐரீன் பின்னாளில் தம் கணவருடன் சேர்ந்து 1935 இல் நோபல் பரிசு பெற்றார். அந்த இரண்டாண்டு வகுப்புதான் அதற்குக் காரணம் என்று யாரும் அறுதியிட முடியாது. ஆயினும் அந்தப் பெற்றோர் பிள்ளைகளுக்கு அளித்தவற்றில் அறிவைவிடப் பெரியது ஒன்று உண்டு. அது நேரம். உலகப் புகழ்பெற்ற ஒருவர் வாரத்தில் ஒரு பிற்பகலைப் பத்துச் சிறுவர் சிறுமியருக்காக ஒதுக்கினார். அதற்குப் பட்டம் தேவையில்லை அல்லவா?

இங்கே என் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கியூரி அம்மையார் ஒருநாள் தம் வகுப்பில், "பாத்திரத்தில் உள்ள சூடான திரவம் ஆறாமலிருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டாராம். கம்பளியால் சுற்றலாம் என்றது ஒரு பிள்ளை. வெப்பம் வெளியேறாதபடி நுட்பமான வழிகளைச் சொன்னார்கள் மற்றவர்கள். அம்மையார் புன்னகையுடன், தாமாக இருந்தால் முதலில் மூடி போடுவேன் என்றாராம்.

இதைப் படித்த அன்று மாலை அடுப்படியில் நின்ற என் அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். என் அம்மா எட்டாம் வகுப்புவரைதான் படித்தவர். பாடத்தில் சந்தேகம் கேட்டால், "எனக்கு என்னம்மா தெரியும்? உங்க டீச்சரைக் கேளு" என்பதே அவருடைய வழக்கமான பதில். நானும் சில வேளை, "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதுண்டு. அன்று நான், "ரசம் ஆறாம இருக்கணும்னா என்னம்மா செய்யணும்?" என்றதும், அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "இது ஒரு கேள்வியா? முதல்ல மூடியைப் போடு. மூடியை எங்க வச்சே?" என்றார்.

நான் வாயடைத்து நின்றேன். கதையைச் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தம்மாவும் அதைத்தான் சொன்னாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். அன்றிரவு அவரே என்னைக் கூப்பிட்டு, குளிர்நாளில் தோசைமாவு புளிக்க ஏன் தாமதமாகிறது என்று தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். நான் நுண்ணுயிர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நாங்கள் இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவியர்!

தோழியரே, உங்கள் தாயிடமும் தந்தையிடமும் தினமும் ஒரு கேள்வி கேளுங்கள். மின்கட்டணம் கணக்கிடுவது எப்படி, நல்ல கத்தரிக்காயை அறிவது எப்படி, இந்தச் செடி ஏன் வாடியது என்று கேளுங்கள். "உங்களுக்கு என்ன தெரியும்" என்ற சொல்லை மட்டும் மறந்துவிடுங்கள். அன்புப் பெற்றோரே, "எனக்கு என்ன தெரியும்" என்ற சொல்லை நீங்களும் மறந்துவிடுங்கள். வாரம் ஒரு மாலை எங்களுக்குத் தாருங்கள். மதிப்பெண்ணைப் பற்றி அன்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஒரு மாலையில் எங்கள் வீடும் ஒரு பள்ளிக்கூடமாகிவிடும்.