அப்பத்தா காதில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ்!

பாஸ், உங்க வீட்டுப் பாட்டிக்குத் தோள் வரைக்கும் தொங்குற காது இருக்கா? இருந்தா இந்த வாரமே ஊருக்குப் பஸ் ஏறிடுங்க. ஏன்னு சொல்றேன்.

போன செமஸ்டர் ஃபீஸ் கட்ட இன்னும் ரெண்டே நாள். வேடசந்தூர் பக்கம் இருக்கிற எங்க அப்பத்தா, காதிலிருந்து தண்டட்டியைக் கழற்றி, "வித்துக் கட்டுய்யா"ன்னு கொடுத்துட்டாங்க. திண்டுக்கல்லில் ஒரு நகைக்கடை. தராசில் வெச்சவர், "உள்ளே அரக்கு இருக்கும். உருக்கினாத்தான் எடை தெரியும்"னார். அவ்வளவுதான் மரியாதை!

"நாளைக்கு வர்றேண்ணே"ன்னு வாங்கிட்டு வந்து, முதல்முறையா உத்துப் பார்த்தேன். கனசதுரம், கோளம், முக்கோணம்... ஃபர்ஸ்ட் இயர் கிராஃபிக்ஸ் பேப்பரில் நம்மை ஓடவிட்ட அத்தனை உருவமும் அதில் இருக்கு! மேலே மெல்லிய தங்கத் தகடு, உள்ளே அரக்கு. குறைஞ்ச தங்கத்தில் பெரிய உருவம். செம இன்ஜினீயரிங்! இதை மாட்டுறதுக்காகவே சின்ன வயசில் காதைக் குத்தி, குணுக்குன்னு ஈய வளையம் போட்டு இழுத்து வளர்த்தாங்க. 2023-ல் பசுபதி, ரோகிணி நடிச்ச 'தண்டட்டி' படம் பார்த்திருந்தா புரியும்.

இப்போ அப்படியே டென்மார்க் போவோம். ஜார்ஜ் ஜென்சன், 1904-ல் கோபன்ஹேகனில் வெள்ளிப் பட்டறை ஆரம்பிச்சவர். அதே நாட்டில் யோர்கன் ஜென்சன்னு ஒருத்தர் பியூட்டரில் நகை செஞ்சார். பியூட்டரில் பெரும்பகுதி வெள்ளீயம். நம்ம ரசம் வைக்கிற ஈயச் சொம்புக்குச் சொந்தக்காரன்! நகையோட முதுகில் அவர் பேரும் டிசைன் நம்பரும் இருக்கும். உருக்கி வித்தா ஒரு பிரியாணிக்குக்கூடத் தேறாது. அதனால உருக்க யாருக்கும் ஆசை வரலை. இன்னிக்கு அதையே 'விண்டேஜ்'னு தேடித் தேடி வாங்குறாங்க. அங்கே மலிவான உலோகம் டிசைனைக் காப்பாத்திருச்சு. இங்கே தங்கமே டிசைனுக்கு எமன்!

தண்டட்டியில் பேரும் இல்லை, நம்பரும் இல்லை. "செஞ்ச ஆசாரி யாரு அப்பத்தா?"ன்னு கேட்டேன். "அது எங்க ஆத்தா போட்டது. அவளைத்தான் கேக்கணும்"னு சிரிச்சாங்க.

வித்தேனான்னு கேட்கறீங்களா? வித்துட்டேன் பாஸ். ஃபீஸ் கட்டணுமே! ஆனா, முந்தின ராத்திரி வெர்னியர் வெச்சு அளந்து, ஃப்ரன்ட் வியூ, டாப் வியூ, சைடு வியூ எல்லாம் வரைஞ்சு, அப்பத்தா பேரையும் எழுதிட்டேன். அரியர் வெச்ச பேப்பர் அன்னிக்குத்தான் உருப்படியா உதவுச்சு.

ஷீட்டைக் காட்டினப்போ, வெறுங்காதைத் தடவிக்கிட்டே, "காது லேசா இருக்குய்யா"ன்னாங்க. எனக்குத்தான் கனமாயிருச்சு.

அதனால பாஸ், உங்க பாட்டி தண்டட்டி கடைக்குப் போறதுக்குள்ள ஒரு போட்டோ, ஒரு டிராயிங். அப்படியே ஆசாரி பேரையும் கேட்டு எழுதிடுங்க!